கப்பி மேல் தப்பில்லை

1

கோயில் மணி ஏறி, வருகிற திருவிழாவோடு ஒரு வருஷம் ஆகிறதாம். பங்குச் சாமியார் கடிதம் போட்டிருக்கிறார். விழா மலர் போடுகிறார்களாம். "மணி ஏற்றிய அன்று நீயும் இருந்தாய். வெளிநாட்டில் இருக்கிறவன். நாலு பக்கம் எழுதி அனுப்பு" என்கிறார்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். கடிதம் தவிர வேறு எழுதியதில்லை. மணியைப் பற்றி மட்டும் என்றால் எனக்கு இரண்டு வரி போதும். முதல் தடவை ஏறவில்லை. இரண்டாம் தடவை ஏறியது. நாலு பக்கம் வேண்டும் என்றால் என் லீவைப் பற்றியும் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தன.

எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. அது வரும்போது சொல்கிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: பெயர் சவரிமுத்து. ராயபுரத்தில் பிறந்தவன். சுதந்திரம் வந்த இரண்டாவது வருஷம் கப்பல் ஏறிப் பினாங்கு போனேன். அப்போது வயது இருபத்தைந்து. அதற்கு முன் ஏழு வருஷம் நம் துறைமுகத்தில் வேலை. பிறகு இருபத்திரண்டு வருஷம் பினாங்குத் துறைமுகத்தில். இரண்டு இடத்திலும் ஒரே வேலை.

கப்பலில் சரக்கு வைக்கிற பள்ளத்துக்கு ஒரு வாய் உண்டு. ஹேட்ச் என்போம். பள்ளத்தின் அடியில் ஆட்கள் மூட்டைகளைக் கட்டிக் கொடுப்பார்கள். அதைத் தூக்குகிற விஞ்சு தள்ளி இருக்கும். விஞ்சுக்காரனுக்குக் கீழே நடப்பது தெரியாது. இரைச்சலில் குரலும் கேட்காது. அதனால் ஹேட்ச் விளிம்பில் ஒருவன் நிற்பான். கையைக் காட்டுவான். அந்தக் கையைப் பார்த்து விஞ்சுக்காரன் ஏற்றுவான், இறக்குவான், நிறுத்துவான். அந்தக் கைதான் என் வேலை. வேறு வேலை எனக்குத் தெரியாது.

நம் துறைமுகத்தில் நான் பழகியது இப்படி. விரித்த கையைத் தலைக்கு மேல் தூக்கினால் "ஏத்து". முஷ்டியை மடக்கினால் "நிறுத்து". பினாங்கில் நான் சேர்ந்த கேங்கில் அது வேறு மாதிரி. அங்கே விரித்த கை என்றால் "நிறுத்து". ஏற்ற வேண்டும் என்றால் ஒரு விரலை மேலே காட்டிச் சுழற்ற வேண்டும். சேர்ந்த முதல் வாரம் கையை மாற்றிக்கொள் என்றார்கள். மாற்றிக்கொண்டேன். முதல் மாதம் கஷ்டமாக இருந்தது. பிறகு மறந்துவிட்டது.

மனைவி மேரி காலடிப்பேட்டைப் பெண். கல்யாணத்துக்கு ஒரு தடவை ஊர் வந்து அவளைக் கூட்டிப் போனேன். அதற்குப் பிறகு பதினெட்டு வருஷம் ஊருக்கு வரவில்லை. ரெஜினா என்று ஒரு பெண். பிரான்சிஸ் என்று ஒரு பையன். இரண்டு பேரும் பினாங்கில் பிறந்தவர்கள்.

அவர்கள் அடையாளக் கார்டு நீலம். மேரிக்கும் எனக்கும் சிவப்பு. நீலம் என்றால் அந்த நாட்டுப் பிரஜை. சிவப்பு என்றால் இல்லை. ஒரே மேசையில் சாப்பிட உட்காருகிறவர்களில் இரண்டு பேர் நீலம், இரண்டு பேர் சிவப்பு. ரொம்ப வருஷம் அதை யாரும் கேட்கவில்லை. பிறகு சட்டம் வந்தது. சிவப்புக் கார்டுக்காரன் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். சீட்டு வாங்க வரிசை. வரிசையில் நிற்க ஒரு நாள் லீவு. பாரத்தில் தப்பு. திரும்ப வரிசை. அப்பா பெயர் எது, என் பெயர் எது என்று அந்த அதிகாரிக்குக் கடைசி வரை விளங்கவில்லை. சீட்டு கொடுத்தார்கள். அடுத்த தடவை கொடுப்பார்களா என்று யாருக்கும் தெரியாது.

வழி இரண்டு. பிரஜை ஆகிவிட வேண்டும். இல்லாவிட்டால் கிடைக்கிற பணத்தை வாங்கிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டும். கூட வேலை செய்த பல பேர் திரும்பிவிட்டார்கள். நான் மனுப் போட்டு வைத்தேன். மலாயில் வாய்ப் பரீட்சைக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. அதே மாதம் இரண்டு மாத லீவும் கிடைத்தது. பரீட்சைக்கு முன் போய் வந்துவிடலாம்.

மேரி பெட்டியைக் கட்டிக் கொடுத்தாள். பரீட்சைக் கடிதத்தைச் சட்டைகளுக்கு நடுவில் வைத்தாள்.

"போய் குந்தி நல்லா யோசிச்சிகினு வா. நீ எங்க சொல்றியோ நா அங்க வர்றேன். பசங்க வராது. அத்தையும் யோசி" என்றாள்.

3

லீவு என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ராயபுரத்தில் என் தம்பி வீட்டில் இறங்கினேன். முதல் நாள் சொந்தக்காரர்கள் வந்தார்கள். இரண்டாம் நாளும் வந்தார்கள். மூன்றாம் நாள் யாரும் வரவில்லை. காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்தது. முகம் கழுவினேன். கால் தானாக நடந்தது. துறைமுக கேட்டில் போய் நின்றேன்.

"பாஸ் கீதா?" என்றான் காவல்காரன்.

"இல்லை."

"யாரைப் பாக்கணும்?"

"யாரையும் இல்லை."

"அப்ப இன்னாத்துக்கு நிக்கிறே? தள்ளி நில்லு, லாரி வருது."

தள்ளி நின்றேன். ஆட்கள் உள்ளே போவதைப் பார்த்தேன். அடுத்த நாளும் போனேன். அப்படிப் போன நாலாவது நாள் ஒரு குரல் கேட்டது.

"டேய் சவரி! இன்னாடா மாமு, பினாங்குல சோறு போட்லியா? இப்டி காஞ்சி கீறே!"

காசிம். வண்ணாரப்பேட்டைக்காரன். நான் கப்பல் ஏறும் முன் ஏழு வருஷம் அவன் விஞ்சில், நான் ஹேட்ச் வாயில். ஏழு வருஷம் அவன் என் முகத்தைவிடக் கையைத்தான் அதிகம் பார்த்திருப்பான். இப்போதும் விஞ்சுதான். தாடி நரைத்திருந்தது.

"லீவுல வந்தவன் கேட்டாண்ட இன்னாடா பண்ணிகினு கீறே?"

"யோசிக்கிறேன்."

"நின்னுகினேவா? வா, டீ குட்ச்சிகினு யோசி."

டீக்கடைக்காரர் காசுக்குச் சில்லறை இல்லை என்றார். "தாப்பா" என்றேன். மலாயில் பரவாயில்லை என்று அர்த்தம். காசிம் என் முதுகில் அடித்துச் சிரித்தான். "இன்னாடா அது, யாரோட அப்பா?" அன்றிலிருந்து என்னைக் கண்டால் "தாப்பா வரான்" என்பான்.

சாயங்காலம் அவன் வேலை முடிந்து வருவான். கடலோரம் கல் கொட்டி வைத்திருக்கிற இடத்தில் உட்காருவோம். அவனிடம் எல்லாம் சொன்னேன். சிவப்புக் கார்டு, பரீட்சை, பிள்ளைகள். ரெஜினா நர்ஸ் வேலைக்குப் படிக்கிறாள். வீட்டில் இருக்கிற நேரம் குறைவு. பிரான்சிஸுக்குப் பதினைந்து. நான் தமிழில் கேட்பேன். அவன் மலாயில் பதில் சொல்வான். பாதி புரியும். மீதியை மேரியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன். அவன் கெட்ட பையன் இல்லை. எனக்கும் அவனுக்கும் நடுவில் சண்டையும் இல்லை. பேச்சும் இல்லை.

"உனுக்கு இன்னா வோணும்? அத்த சொல்லு" என்றான் காசிம்.

அதுதான் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் மற்றவர்கள் சரக்குக்குக் கை காட்டினேன். ரப்பர், தகரம், அரிசி. எங்கே போயின என்று தெரியாது. இன்னும் எட்டு வருஷம் போனால் வயது ஐம்பத்தைந்து, வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு எந்தக் கல்லில் உட்காருவது? இங்கேயா, அங்கேயா? இங்கே உட்கார்ந்தால் பேச ஆள் உண்டு, பிள்ளைகள் இல்லை. அங்கே உட்கார்ந்தால் பிள்ளைகள் உண்டு, பேச ஆள் இல்லை. வேலை இருக்கிற நாளில் இந்தக் கேள்வி வராது. லீவு கொடுத்ததால் வந்தது.

காசிம் என் பக்கம் திரும்பினான்.

"எங்க கன்னியப்பன் மேஸ்திரி கேங்குல ஹேட்ச்சுக்கு ஆள் கேக்கறாரு. பழைய ஆளு வேலைய உட்டுட்டாரு. நா உன் பேரைச் சொல்லிகீறேன். அடுத்த வாரம் கோயில்ல மணி ஏத்தறாங்கல்ல, அவரும் வராரு. உன் கைய பாக்கணும்னாரு. காட்டு. மறுபடி நா விஞ்சுல, நீ ஹேட்ச்சுல. மேரிய வரச் சொல்லு. பசங்களும் ஒரு நாள் வந்துடும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை எழுதிவிட வேண்டும். வந்ததிலிருந்து அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

4

மணியைப் பற்றி உங்களுக்கே தெரியும். பழைய மணி வெடித்துப் போனதால் துறைமுகக் குடும்பங்கள் சேர்ந்து செய்வித்த புது மணி. ஏற்றுகிற வேலையைத் துறைமுக ஆட்களே எடுத்துக்கொண்டார்கள். கோபுரத்தின் உச்சியில் இரும்புச் சட்டம் போட்டு அதில் கப்பி தொங்கவிட்டார்கள். கப்பி காசிமேட்டு டேவிட்டுடையது. படகைக் கரைக்கு இழுக்க அவர் வைத்திருக்கிற பெரிய இரும்புக் கப்பி. அதை டேவிட்டே தோளில் தூக்கி வந்து, கையால் சுற்றிக் காட்டி, எண்ணெய் விட்டு மாட்டினார். கீழே கையால் சுற்றுகிற விஞ்சு. இடம் இல்லாததால் அதைக் கோயில் பக்கச் சுவருக்கு அப்பால் வைத்தார்கள். அங்கிருந்து கோபுர ஜன்னல் தெரியாது.

"விஞ்சுல யாரு?" என்றார் சாமியார்.

"நாந்தான் சாமி" என்றான் காசிம்.

"உன் வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா?"

"சுமைக்கு ஏது சாமி மதம்? வெயிட்டு தான் கீது."

நான் சுவர் மூலையில் நின்றேன். ஒரு பக்கம் கோபுரம், ஒரு பக்கம் காசிம். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அவன் என் கையைப் பார்க்கிறான். கன்னியப்பன் மேஸ்திரி வாசல் பக்கம் கைகட்டி நின்றார். சனங்கள் நிறைய. ஜன்னலுக்குள் இரண்டு பேர் மணியை உள்ளே இழுக்கத் தயாராக நின்றார்கள். கீழே ஆறு பேர், மணி விழாமல் தாங்குகிற காவல் கயிற்றைப் பிடித்திருந்தார்கள்.

விரித்த கையைத் தூக்கினேன். காசிம் சுற்றினான். மணி தரையை விட்டு எழுந்தது. பாதியில் முஷ்டி மடக்கினேன். நின்றது. திரும்ப விரித்தேன். ஏறியது. எல்லாம் ஞாபகம் இருந்தது. காசிம் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மணி ஜன்னல் உயரத்துக்கு வந்தது. அங்கே நிறுத்த வேண்டும். அந்த நேரம் காற்று அடித்து மணி ஒரு பக்கம் திரும்பியது. ஜன்னலில் நின்ற ஒருவன் பயந்து கையை நீட்டினான். அவன் கை மணிக்கும் சுவருக்கும் நடுவில் போகப் பார்த்தது.

நிறுத்து என்று நினைத்தேன். கையைத் தூக்கினேன். விரித்த கை.

காசிம் வேகமாகச் சுற்றினான்.

மணியின் தலை இரும்புச் சட்டத்தில் மோதியது. சட்டம் ஓர் அடி இறங்கியது. மணி ஆடிச் சுவர் விளிம்பில் இடித்தது. விளிம்பிலிருந்து ஒரு சில்லு தெறித்து விழுந்தது. அந்த உதறலில் விஞ்சு பின்னால் சுழலாமல் பல்லைப் பிடித்திருந்த இரும்பு நாக்கு விலகி, கைப்பிடி பின்பக்கம் சுழன்றது. காசிம் வலது மணிக்கட்டில் அடித்தது. சத்தம் எனக்குக் கேட்டது. காவல் கயிறு பிடித்த ஆறு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள், ஆனால் கயிற்றை விடவில்லை. மணி மெல்லக் கீழே வந்தது. ஜன்னலில் நின்றவன் கையை இழுத்துக்கொண்டான். அவனுக்கு ஒன்றும் இல்லை.

என் கை இன்னும் மேலேதான் இருந்தது.

5

எல்லாரும் ஓடி வந்தார்கள். மேஸ்திரியும் வந்தார். காசிம் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். பிறகு மேஸ்திரியைப் பார்த்தான்.

"கப்பி வழுக்கிட்ச்சி" என்றான்.

சனங்கள் டேவிட் பக்கம் திரும்பினார்கள்.

"எங்கப்பா காலத்து கப்பிபா அது" என்றார் டேவிட். "ஒரு நாளும் வழுக்கினதில்ல."

"அதான், வயசாயிட்ச்சி" என்று யாரோ சொன்னார்கள். நாலு பேர் சிரித்தார்கள். நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

காசிமை ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

"ஏன்டா கைய விரிச்சே?"

"நிறுத்தச் சொன்னேன்."

"விரிச்சா ஏத்துறதுடா!"

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன்டா காட்டுனே?"

"கை போயிட்ச்சி" என்றேன்.

அவன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். "உன் கை பினாங்கு கை ஆயிட்ச்சிடா மாமு." கொஞ்ச நேரம் கழித்து, "மேஸ்திரியாண்ட எதுவும் ஒளறாதே. நா சொன்னது சொன்னதுதான்" என்றான்.

எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு. நாற்பது நாள் வேலைக்குப் போகக் கூடாது என்றார்கள்.

அன்று சாயங்காலம் மேஸ்திரி தம்பி வீட்டுக்கே வந்தார். "இன்னா சவரி, கப்பி பூட்ச்சினா நீ இன்னா பண்ணுவே? அதுவரிக்கும் கை சுத்தமா இருந்துச்சி. திங்கக்கெயம காலீல கேட்டாண்ட வந்துடு. நா உள்ள இட்டுனு போறேன்."

சரி மேஸ்திரி என்றேன்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் கடலோரக் கல்லுக்குப் போனேன். பக்கத்தில் ஆள் இல்லை. கையைப் பழக்கினேன். ஏத்து, விரி. நிறுத்து, மடக்கு. சின்னப் பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பச் செய்தேன். சரியாக வந்தது. ஒரு மணி நேரம் சரியாகவே வந்தது. திடீரென்று துறைமுகத்துக்குள் ஒரு கப்பல் சங்கு ஊதியது. திடுக்கிட்டேன். கை தானாக மேலே போனது. பார்த்தேன். விரிந்திருந்தது.

திங்கட்கிழமை போனேன். கேட் வரை போகவில்லை. எதிர்ப்பக்கம் நின்றேன். கேங் ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருவன் பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டு வந்தான். ஒருவன் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, பக்கத்தில் வந்தவனை ஏதோ கிண்டல் செய்தான். அவர்கள்தான் ஹேட்ச்சுக்குக் கீழே நிற்கப் போகிறவர்கள். தலைக்கு மேல் சுமை தொங்கும். மேலே யார் கை காட்டுகிறான் என்று அவர்கள் பார்க்க மாட்டார்கள். பார்க்க நேரமும் இருக்காது.

மேஸ்திரி வந்து அங்கும் இங்கும் பார்த்தார். நான் லாரிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். கேட் மூடியதும் திரும்பிவிட்டேன்.

"பினாங்குக்காரனுக்குத் திமிரு" என்று மேஸ்திரி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொல்லட்டும். காசிம் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. அவன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்தினான்.

"கைய ஒட்ச்சிகினு, கோயிலாண்ட நின்னு பொய் சொன்னேன். யாருக்கு சொன்னேன்? எனுக்கா?"

"கீழே ஆள் நிக்கிறான் காசிம்."

"பத்து நாள்ல கை பயகிடும்டா."

"அந்தப் பத்து நாள்?"

"நீ வரணும்னு நென்ச்சிருந்தா வந்துருப்பே. உனுக்கு போறதுக்கு ஒரு சாக்கு வோணும். கெட்ச்சிட்ச்சி. போ" என்றான். உள்ளே போய்விட்டான்.

அவன் சொன்னதை அன்று முழுக்க நினைத்தேன். கீழே நிற்கிறவர்களுக்காகத்தான் போகவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் திரும்பி நடந்தபோது மனசில் ஓர் ஓரத்தில் லேசாக இருந்தது. அந்த லேசு எதற்கு என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

அந்த வாரம் மேரி கடிதம் வந்தது. அடியில் பிரான்சிஸ் இரண்டு வரி எழுதியிருந்தான். எப்போது வருவாய் என்று ஆங்கிலத்தில். அப்பா என்பதை மட்டும் தமிழில். முதல் எழுத்து தலைகீழாக விழுந்துவிடுவது போல இருந்தது. அதை மடித்துப் பரீட்சைக் கடிதத்தோடு வைத்தேன்.

6

சட்டத்தைப் பலப்படுத்தி, நான் கப்பல் ஏறும் முன் வந்த கடைசிச் சனிக்கிழமை மணியைத் திரும்ப ஏற்றினார்கள். கப்பி மட்டும் மாறியிருந்தது. டேவிட்டுடையதைக் கழற்றிவிட்டு வாடகைக்கு ஒன்று எடுத்திருந்தார்கள். விஞ்சுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான் கூட்டத்தில் பின்னால் நின்றேன். காசிம் கழுத்தில் தொங்கும் கட்டோடு வந்தான். பன்னிரண்டு நாளாக அவன் என்னோடு பேசவில்லை. நேராக என்னிடம் வந்தான்.

"நீ சுத்து. நா காட்றேன்."

"நான் விஞ்சு சுற்றியதில்லை."

"சுத்தறதுக்கு இன்னா படிப்பு வோணும்? என் கைய பாரு, அத்தோட சரி."

சுவருக்கு அப்பால் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். இங்கிருந்து கோபுரம் தெரியவில்லை. மணி தெரியவில்லை. மூலையில் காசிம் தெரிந்தான். இருபத்தொன்பது வருஷம் இந்த வேலையில் இருந்தும், விஞ்சுக்காரன் எப்படிப் பார்க்கிறான் என்று அன்றுதான் தெரிந்தது. ஒரே ஒரு கைதான் தெரிகிறது. அதை நம்ப வேண்டும்.

இடது கையைத் தூக்கினான். சுற்றினேன். முஷ்டி. நின்றேன். நன்றாகத்தான் போனது. கொஞ்ச உயரம் போனதும் மேலே ஏதோ சத்தம் கேட்டது. யாரோ கத்தினார்கள். காசிம் சட்டென்று கையை விரித்துத் தூக்கினான். ஏற்று என்கிறான். எனக்குத் தெரிகிறது.

நான் நிறுத்திவிட்டேன்.

"ஏத்துடா டேய்!" என்று கத்தினான். "ஏத்து, ஏத்து!"

குரலைக் கேட்டுத்தான் சுற்றினேன். மணி ஜன்னலுக்குள் போனது. மேலே கை தட்டினார்கள். சாமியார் ஜெபம் சொன்னார்.

காசிம் சுவரைச் சுற்றி வந்தான். விஞ்சு பக்கத்தில் குந்தினான்.

"நின்னுட்டேல்ல?" என்றான்.

"ஆமாம்."

"மேல மணி சாஞ்சிகினு இருந்துச்சி. ஏத்தினாத்தான் நேராவும். அத்துக்குத்தான் ஏத்துனு காட்னேன்."

"தெரியும்."

"உன் கை மட்டும் இல்லடா, கண்ணும் பூட்ச்சி." இடது கையால் என் தோளைத் தட்டினான். "அன்னிக்கி கேட்டாண்டயிருந்து திரும்பினது சரிதான் மாமு. நா கோவத்துல பேசிட்டேன். நீ போ. வயசான பின்னாடி வா. ஹேட்ச்சுக்கு வராதே. கல்லு மேல குந்தறதுக்கு வா."

செவ்வாய்க்கிழமை கப்பல். சாமியார் மணியை மந்திரித்து முதல் தடவை அடித்தபோது நான் நடுக்கடலில் இருந்தேன். அந்த மணிச் சத்தத்தை நான் இன்னும் கேட்டதில்லை.

7

பரீட்சைக்குப் போனேன். அதிகாரி மலாயில் பெயர், வயது, பிள்ளைகள் கேட்டார். சொன்னேன். என்ன வேலை என்றார். அதற்கு மலாயில் சொல்லத் தெரியாமல் எழுந்து நின்று செய்து காட்டினேன். ஒரு விரலைச் சுழற்றினேன். கையை விரித்தேன். அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். அப்புறம் ஒரு நாள் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினார்கள். பழைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார்கள். என் கார்டு இப்போது நீலம். மேரியும் மனுப் போட்டிருக்கிறாள், அவளுடையது இன்னும் வரவில்லை. மேசையில் மூன்று நீலம், ஒரு சிவப்பு.

"முடிவு பண்ணிட்டியா, இல்ல அதுவா ஆயிட்ச்சா?" என்று மேரி கேட்டாள். நான் சோறு போடு என்றேன்.

இங்கே ஹேட்ச்சில் திரும்ப நின்ற முதல் வாரம் ஒன்று தெரிந்தது. ஊரில் பழைய கையைத் திரும்பப் பழக்கியதில், இந்த ஊர்க் கையும் கெட்டிருந்தது. தூக்குமுன் ஒரு நொடி நின்று யோசித்தது. விஞ்சுக்காரன் சீனன். என்னை விநோதமாகப் பார்த்தான். ஒரு நொடி போதும், ஓர் ஆள் உயிர் போக. நானே மேலாளரிடம் போய் மாற்றிக் கேட்டேன். இப்போது கயிறு, கொக்கி எடுத்துக் கொடுக்கிற கொட்டகையில் இருக்கிறேன். சம்பளம் கொஞ்சம் குறைவு. கை காட்டுவதில்லை. பிரான்சிஸ் சில சனிக்கிழமை அந்த வழியாக வருகிறான். ஒரு கயிற்றைக் காட்டி இது என்ன என்பான். தமிழில் சொல்வேன். மலாயில் திருப்பிச் சொல்வான். அவ்வளவுதான் பேச்சு. போன வாரம் முடிச்சுப் போடக் கேட்டான். காட்டினேன்.

எதற்காக இத்தனை வருஷம், இனி எங்கே என்று லீவில் கேட்டுக்கொண்டதற்கு இன்னும் பதில் இல்லை. கார்டு மாறினால் தெளியும் என்று நினைத்தேன். தெளியவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரியும். அதற்குத்தான் இதை எழுதினேன்.

காசிமின் மகள் அவனுக்காகக் கடிதம் எழுதுவாள். போன கடிதத்தில் ஒரு விஷயம் இருந்தது. நம் பக்கம் யாராவது சொன்ன சொல்லைக் காப்பாற்றாவிட்டால் "டேவிட் கப்பி மாரி வழுக்கறான்" என்கிறார்களாம். பிள்ளைகள்கூடச் சொல்கிறார்களாம். டேவிட் அந்தக் கப்பியைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டாராம். படகை இப்போது ஆட்களை வைத்துத்தான் இழுக்கிறாராம். காசிம் வேடிக்கையாக எழுதச் சொல்லியிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று கப்பி வழுக்கவில்லை. நிறுத்த வேண்டிய நேரத்தில் நான் ஏற்றச் சொன்னேன். காசிம் எனக்காகப் பொய் சொன்னான். எனக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்று சொன்னான். அந்த வேலைக்கு நான் போகவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டேன். இதைப் படித்தால் காசிம் கோபப்படுவான். படட்டும். அவன் கோபம் பன்னிரண்டு நாள்தான்.

டேவிட்டுக்குப் படிக்கத் தெரியாது. மலர் வந்ததும் யாராவது ஒருவர் காசிமேட்டில் அவர் வீட்டுக்குப் போங்கள். முழுவதும் வேண்டாம். இந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் அப்பா காலத்துக் கப்பி நல்ல கப்பி. எண்ணெய் விட்டுத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள்.